நூறு பேர் சேர்ந்து மெதுவாகப் பாட

ஒரு பெரிய சிம்பொனிப் பதிவு நல்லதா, இல்லையா என்று பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கடைசிப் பகுதியைப் போட்டு ஒலியைக் கூட்டுவார்கள். பாடகர் குழு, பித்தளை வாத்தியங்கள், ஆர்கன், மணிகள் எல்லாம் ஒன்றாக முழங்கும். ஜன்னல் கண்ணாடி அதிரும். ‘அடேயப்பா, என்ன பதிவு!’ என்று சொல்லி அணைத்துவிடுவார்கள். இந்தச் சோதனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. உரத்த இடத்தை எந்தப் பதிவும் ஒருவாறு ஒப்பேற்றிவிடும். மெல்லிய இடத்தில்தான் அதன் சாயம் வெளுக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க குஸ்தாவ் மாலரின் இரண்டாவது சிம்பொனியைவிடத் தோதான படைப்பு இல்லை. ‘உயிர்த்தெழுதல்’ என்று பெயர் வாங்கிய இது 1895 டிசம்பர் 13 அன்று பெர்லினில் முழுமையாக அரங்கேறியது. ஐந்து பகுதிகள், ஏறக்குறைய எண்பது நிமிடம். பாடகர் குழு மேடையிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் காத்திருக்கும். கடைசிப் பகுதியில் பாதிக்கு மேல் போன பிறகுதான் அவர்கள் முறை வரும். அத்தனை நேரம் காத்திருந்தவர்கள் தொடங்கும்போது மாலர் கேட்பது முழக்கத்தை அல்ல. ‘மிக மிக மெதுவாக’ என்பதற்கான குறியைத்தான் அங்கே போட்டிருக்கிறார். வாத்தியத் துணை இல்லாமல், மூச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் எங்கோ அந்தச் சேர்ந்திசை தொடங்குகிறது.

நம் பக்கத்து ஆள் ஒருவர் நடத்திய பதிவையே எடுத்துக்கொள்வோம். 1936-இல் பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா, 1975-இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவை வைத்து டெக்கா நிறுவனத்துக்காகச் செய்த பதிவு அது. இலியானா கொத்ருபாஸ், கிறிஸ்டா லுட்விக் இருவரும் தனிக்குரல்கள். வியன்னா அரசு ஆப்பெராவின் பாடகர் குழுவைத் தயார் செய்தவர் நார்பர்ட் பலாட்ச். மேத்தா வியன்னாவில் மாணவராக இருந்தபோது, நண்பர் கிளாடியோ அபாடோவுடன் அங்குள்ள பாடகர் குழு ஒன்றில் சேர்ந்து, கீழ்க்குரல் வரிசையில் நின்று பாடியிருக்கிறார். பெரிய இசை நடத்துநர்கள் ஒத்திகையில் என்ன செய்கிறார்கள் என்பதை முகத்துக்கு நேரே பார்க்க அது ஒன்றுதான் வழி. பாடுகிறவர்களின் வரிசையிலிருந்து மேடையைப் பார்த்தவர் என்பது இந்தப் பதிவில் அவர்கள் நுழையும் இடத்தில் தெரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவசரமே இல்லை.

மெதுவாகப் பாடத்தான் என்றால் பத்துப் பேர் போதாதா, நூறு பேர் எதற்கு?

நூறு பேர் பாடினால் ஒருவர் பாடுவதைப்போல் நூறு மடங்கு சத்தம் வரும் என்றுதான் நினைப்போம். ஒலியின் ஆற்றல் அப்படிக் கூடுவது உண்மைதான். ஆனால் நம் காது மடங்குகளைக் கணக்கு வைக்கும் விதம் வேறு. பாடகர்கள் இருமடங்கானால் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்கானால் 10. நூறு மடங்கானால் 20. ஒவ்வொரு 10 டெசிபெலையும் காது ஏறக்குறைய ‘இரண்டு மடங்கு’ என்று உணர்கிறது. ஆக, நூறு பேர் சேர்ந்து பாடினால் நமக்குக் கேட்பது ஒருவர் பாடுவதைப்போல் நாலு மடங்கு, அவ்வளவுதான். உரத்த சத்தம் மட்டும்தான் வேண்டுமென்றால் இத்தனை பேரைக் கூட்டுவது வீண்செலவு.

இத்தனை பேர் சேர்வதால் கிடைப்பது வேறொன்று. தனியாகப் பாடுகிறவரின் சுருதி நூலிழை அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூச்சு எடுக்கும் இடம் தெரியும். குரலின் கரகரப்பு தெரியும். நூறு குரல்களில் இந்தச் சின்ன விலகல்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் கலந்து, எந்தக் குரலும் தனியாக அடையாளம் தெரியாமல் போய்விடுகின்றன. ஒருவர் மூச்சு எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பாடிக்கொண்டிருப்பார். ஒவ்வொருவரும் முணுமுணுப்பு அளவில் பாடினாலும் மொத்தமாகச் சேரும் ஒலிக்கு உடலும் அகலமும் இருக்கும். நாலு பேரைக் கத்தச் சொல்லி இதை வரவழைக்க முடியாது. ஒரு பதிவைக் கேட்கும்போது இந்த இடத்தில் முன்வரிசைக் குரல் ஒன்றிரண்டு தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டால், மைக்கை மிக அருகில் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பாடகர் குழு நுழையும் அதே பக்கங்களில், இசைக்குறிப்பில் மாலர் அடிக்குறிப்பாக எழுதிய ஒரு கட்டளை இருக்கிறது. கீழ்க்குரல்காரர்களில் இரண்டாம் பிரிவுக்கு, மந்திர ஸ்தாயியின் அடியாழத்தில், நொடிக்குச் சுமார் 58 அதிர்வு மட்டுமே உள்ள ஒரு சுரத்தை எழுதியிருக்கிறார். பெரும்பாலான ஆண்களுக்கு அது எட்டாது. எட்டாதவர்கள் ஒரு ஸ்தாயி மேலே பாடிவிடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார். அந்தக் கீழ்ச்சுரம் கேட்க வேண்டும் என்பதும் முக்கியமில்லையாம். எல்லோரும் மேல்சுரத்தில் போய் விழுந்து அதைக் கனமாக்கிவிடாமல் தடுக்கத்தான் அப்படி எழுதினாராம். கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு சுரத்தை எழுதி வைத்த மனிதர்!

காதின் அறிவியல் இந்த இடத்தில் அவர் பக்கம் நிற்கிறது. நொடிக்கு 1000 அதிர்வுள்ள ஒலி 2, 3 டெசிபெல் இருந்தாலே நல்ல காதுக்கு எட்டிவிடும். 63 அதிர்வுள்ள ஒலியோ 37 டெசிபெலைத் தாண்டினால்தான் இருப்பதே தெரியும். ஆகவே மெல்லப் பாடும் அந்த அடிச்சுரத்தின் அடிப்படை அதிர்வு பல நேரம் காதின் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும். ஆனால் ஒரு குரல் ஒற்றை அதிர்வால் ஆனதல்ல. 58-இன் மடங்குகளான 116, 174, 232 என்று மேலே மேலே துணை அதிர்வுகளும் அதோடு கிளம்புகின்றன. அவை காதுக்கு எட்டும். அவற்றின் இடைவெளியை வைத்து மூளை, ‘அடியில் 58 இருக்கிறது’ என்று தானே முடிவு செய்து, இல்லாத சுரத்தைக் கேட்டதாக நம்மை நம்பவைக்கும். கைப்பேசியின் பொடி ஒலிபெருக்கியில்கூட ஆண்குரல் ஆண்குரலாகக் கேட்பது இதனால்தான்.

சரி, இதையெல்லாம் மலேசியாவின் கிழக்குக் கரையில், நம் மெர்சிங்கில் உட்கார்ந்து கேட்க முடியுமா? கஷ்டம்தான். நவம்பர் பிறந்தால் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து நேரே ஊருக்குள் வரும். தியோமான் தீவுக்குப் போகும் படகுகள் பல நாள் துறையிலேயே கட்டிக் கிடக்கும். தகரக் கூரையில் மழை இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மழை இல்லாத மாதங்களில் மின்விசிறி, இல்லாவிட்டால் ஏர்கோன். ஒரு சத்தம் இன்னொன்றை மறைப்பதில் ஓர் ஓரவஞ்சனை உண்டு: கீழ் அதிர்வுச் சத்தம் தனக்கு மேலே உள்ளதைச் சுலபமாக மூடிவிடும், மேல் அதிர்வுச் சத்தத்தால் கீழே உள்ளதை அவ்வளவு மூட முடியாது. ஏர்கோனின் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் உள்ள அறையில் மாலரின் கீழ்க்குரல்கள் மட்டுமல்ல, அவற்றின் துணை அதிர்வுகளும் காணாமல் போகும். அதனால் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்பதே நல்லது. கோத்தா திங்கி சாலையில் காடி ஓட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, ‘பாடகர்களே கேட்கவில்லை, மட்டமான பதிவு’ என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

ஆனால் நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஒரு நற்சான்று உண்டு. காற்று, ஒலியைச் சும்மா கடத்துவதில்லை. போகும் வழியில் கொஞ்சம் விழுங்கவும் செய்கிறது. கூர்மையான ஒலிகளைத்தான் அதிகம் விழுங்கும். 15 பாகை வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வறண்ட காற்றில், நொடிக்கு 4000 அதிர்வுள்ள ஒலி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 89 டெசிபெல் தேய்ந்துவிடும். 30 பாகையும் 70 விழுக்காடும் உள்ள, நமக்குப் பழகிய காற்றில் தேய்வது சுமார் 23 தான். மண்டபத்துக்குள் கிலோமீட்டர் எங்கே வந்தது என்று கேட்கலாம். ஒலி நொடிக்கு 340 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பாட்டு நின்ற பிறகும் முழக்கம் இரண்டு நொடி நீடிக்கிற மண்டபத்தில், அந்த ஒலி சுவருக்கும் கூரைக்குமாக மோதி மோதி ஏறக்குறைய 700 மீட்டர் ஓடி முடித்திருக்கும். குளிர்காலத்தில் கணப்பு போட்டு வறண்டுபோன ஐரோப்பிய மண்டபத்தில் முழக்கத்தின் பளபளப்பு குறையும் என்பது இசைக்காரர்களின் பிரமை அல்ல, காற்றின் வேலை.

மண்டபம் என்றதும் ஸோஃபியன்ஸால் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மேத்தாவின் பதிவு நடந்த இடம் அதுதான். 1820-களில் வியன்னாவில் நீராவிக் குளியல் கூடமாகக் கட்டப்பட்டது. பிறகு நீச்சல் குளமாகி, குளத்தின் மேல் பலகை பாவி, குளிர்காலத்தில் நடனக் கூடமாகவும் ஆனது. பலகைக்குக் கீழே வெற்றுக் குளம் அப்படியே இருந்தது. மேலே வளைந்த கூரை, கீழே பொள்ளலான தரை. டெக்கா நிறுவனம் 1956 முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இதைப் பதிவுக் கூடமாக வைத்திருந்ததற்கு அந்த ஒலிநயம்தான் காரணம். 2001 ஆகஸ்டில் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோனது. 2013-இல் சீரமைத்துத் திறந்தார்கள். பழைய மண்டபம் எப்படி ஒலித்தது என்பதற்கு இப்போது இசைத்தட்டுகள்தான் சாட்சி.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998-இல் திறந்த பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் மண்டபத்தில் கூரையின் பலகைகளையே ஏற்றி இறக்கலாம். பெரிய சிம்பொனிக்கு ஓர் உயரம், சின்னக் குழுவுக்கு வேறோர் உயரம். வியன்னாக்காரர்களுக்குக் குளியல் கூடத்தின் புண்ணியத்தில் தற்செயலாக வாய்த்ததை இங்கே கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

ஸோஃபியன்ஸால் போன்ற மண்டபத்தின் காற்றை நாடாவில் பிடிக்க டெக்காவின் பொறியாளர்கள் 1950-களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லாத் திசையிலிருந்தும் ஒலி வாங்கும் மூன்று மைக்குகளை, இசை நடத்துநரின் தலைக்கு மேலே, ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் ஒரு சட்டத்தில் பொருத்தினார்கள். இடப்பக்கத்து வயலின் ஒலி இட மைக்கைச் சில மில்லிநொடி முன்னதாகத் தொடும். நம் இரண்டு காதுகளும் திசை அறிவதும் இப்படிப்பட்ட நேர வித்தியாசத்தாலும்தான். அதனால் கண்ணை மூடிக் கேட்டால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அந்த மூன்றுக்கும் துணையாகத்தான் மற்ற மைக்குகள்.

இன்னொரு தொல்லை, நாடாவின் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல். பாடகர்கள் மெல்லத் தொடங்கும் இடத்தில் முதலில் காதில் விழுவது அதுதான். ரே டால்பி 1966-இல் கொண்டுவந்த கருவி, மெல்லிய ஒலிகளைப் பதியும்போது தூக்கிவிட்டு, திரும்பக் கேட்கும்போது அதே அளவு இறக்கிவிடும். இறக்கும்போது இரைச்சலும் சேர்ந்து 10 டெசிபெல் இறங்கிவிடும். அம்முறையில் வெளிவந்த முதல் தட்டுகளில் ஒன்று, ஜார்ஜ் ஷோல்டி நடத்திய இதே இரண்டாவது சிம்பொனி. பாடகர் குழு அத்தனை மெதுவாக நுழையும் படைப்பைக் கொண்டு அந்தக் கருவியை உலகுக்குக் காட்டியது பொருத்தம்தான்.

மாலர் வைத்த இன்னொரு பரீட்சை: பித்தளை வாத்தியக் குழு ஒன்றை மேடைக்கு வெளியே, தொலைவில் நிறுத்தி ஊதச் சொல்கிறார். பொறியாளர் சோம்பேறியாக இருந்தால் அந்த மைக்கின் ஒலியைக் குறைத்துவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பார். காது அதை நம்பாது. தொலைவை நமக்குச் சொல்வது ஒலியின் அளவு மட்டுமில்லை. நேராக வரும் ஒலிக்கும் சுவரில் பட்டு வரும் ஒலிக்கும் உள்ள விகிதமும்தான். ஆள் தூரப் போகப் போக நேர் ஒலி தேயும், முழக்கம் அப்படியே இருக்கும்.

நம் வீடுகளில் பலருக்கும் பழக்கமான ‘திருவாசகம்’ பதிவில் இதையே சோதித்துப் பாருங்கள். 2005-இல் வந்த அதில் இளையராஜாவின் இசையை வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. ராஜாவின் குரல் காதோரத்தில் நிற்கும். வாத்தியங்கள் பின்னால் ஒரு மண்டபத்தில் இருக்கும். மாணிக்கவாசகரின் பாட்டு ஒருவர் தனக்குள் பேசுவதுபோன்றது என்பதால் அந்த நெருக்கம் தகும் என்பேன். மாலருக்கு அது ஆகாது. அங்கே கொத்ருபாஸின் குரல் பாடகர் குழுவுக்குள்ளேயே பிறந்து, இன்னதென்று தெரியாமல் மேலே பிரிய வேண்டும். மேத்தாவின் பதிவில் எந்த நொடியில் பிரிகிறது என்று எனக்கு இன்னும் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை.

பழைய தட்டில் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று சொச்சம் ஒரே சீராகத்தான் சுற்றும். வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும். நடுவை நெருங்கும்போது அது சுமார் 20 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே அளவு இசையை, பாதியைவிடக் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்ட வேண்டியிருக்கும். சிம்பொனியின் ஆகப்பெரிய முழக்கம், ஆர்கனும் மணிகளும் சேர்கிற கடைசிப் பக்கங்கள், தட்டின் ஆக மோசமான அந்த உள்வட்டத்தில்தான் வந்து விழும். அங்கே கரகரத்தால் பாடகர்களையோ மேத்தாவையோ திட்ட வேண்டாம். குறுந்தட்டை வைத்துக் கேளுங்கள்: பாடகர்கள் நுழையும் இடம் மெல்லக் காதில் விழும் அளவுக்கு ஒலியை வைத்துவிட்டு, கடைசிவரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.