எஜமானருக்கு ஏ.சி., பாம்புக்கு ஹீட்டர்! பிளாட்டுக்குள் பெருகும் பெட்டிகள்

சென்னை,–

கத்திரி வெயிலில் ஊரே மண்டை காய்ந்து கிடக்கும்போது, அடியில் ஹீட்டர் போட்டுக்கொண்டு சுகமாகப் படுத்திருக்கும் ஜீவன் ஒன்று உண்டு. அதன் பெயர் பால் பைதான்.

பாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பயந்தால் பந்துபோல் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அதனால் அந்தப் பெயர். மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்கா பக்கத்து மலைப்பாம்பு இனம். பெரும்பாலும் மூன்று நான்கு அடியோடு நின்றுவிடும். விஷம் இல்லை. கடிப்பதும் அபூர்வம். வெள்ளை, மஞ்சள், காப்பிக்கொட்டை நிறம் என்று தினுசு தினுசாக இனப்பெருக்கம் செய்து உலகமெங்கும் விற்கிறார்கள்.

நம் ஊரிலும் இந்த ஆசை பிடித்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை என்பதைக் காட்ட மீனம்பாக்கம் ஒன்றே போதும்!

2023–ம் ஆண்டு ஜனவரியில் பாங்காக்கில் இருந்து வந்து, கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே 45 பால் பைதான்கள், 8 சோளப்பாம்புகள், குட்டிக் குரங்குகள், ஆமைகள்! அதே ஆண்டு ஏப்ரல் 28–ந் தேதி கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பெண்ணின் பெட்டியில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைபட்டுக் கிடந்தன.

இத்தனையும் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவை. போய்ச் சேர்ந்த பிறகுதான் கூத்தே ஆரம்பம்.

வெயில் இருக்க ஹீட்டர் எதற்கு?

“மெட்ராஸ்ல இல்லாத சூடா? இதுக்குப் போய் எதுக்கய்யா ஹீட்டர்?” என்று யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

பாம்புக்கு நம்மைப்போல உள்ளுக்குள் சூடு உண்டாக்கும் சக்தி கிடையாது. வெளிச்சூட்டை வாங்கித்தான் ஓடும், சாப்பிடும், செரிக்கும். எலியை விழுங்கிய பால் பைதானுக்கு ஒரு பக்கமாவது 88, 90 டிகிரி சூடு வேண்டும். இல்லாவிட்டால் தின்றது வயிற்றிலேயே அழுகும். இரண்டு நாளில் வாந்தி எடுத்துவிடும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் நுரையீரலில் சளி கட்டும். வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடும். அப்புறம் பிழைப்பது கஷ்டம்.

சென்னை வீட்டில் இந்தச் சூடு தானாகக் கிடைக்கும். மார்கழி ராத்திரியில் மட்டும்தான் 70 டிகிரிக்கு இறங்கும். ஆனால் பாம்பு வளர்ப்பவர் அதைப் பெரும்பாலும் படுக்கை அறையில் அல்லவா வைக்கிறார்? அங்கே இரவெல்லாம் ஏ.சி. ஓடுகிறது. 24–ல் வைத்தால் நம் ஊர்க் கணக்கில் 75 டிகிரி. எஜமானர் போர்வைக்குள். பாம்பு விறைத்துக் கிடக்கும்!

ஏ.சி.யை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா? அங்கேதான் அடுத்த வில்லங்கம்.

மயிலாப்பூர் பழைய வீடுகளில் ஓடும் முற்றமும் இருந்தன. காற்று வரும், போகும். இப்போது மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் கடைசி மாடி பிளாட் என்றால், மே மாதம் பகல் முழுக்கக் கான்கிரீட் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். வெளியே 104 டிகிரி. கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு எஜமானர் ஆபீசுக்குப் போய்விட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாம்பு தப்பிக்க நிழல் ஏது? சூட்டுக்குப் பிறந்த பாம்புதான் என்றாலும், ஒதுங்க இடம் இல்லாமல் 100 டிகிரியைத் தாண்டினால் செத்துப்போகும். குளிர் மெதுவாகக் கொல்லும். வெயில் ஒரே மத்தியானத்தில் முடித்துவிடும்.

இஸ்திரிப் பெட்டி வித்தை

ஆகவே பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் 78, 80 டிகிரியில் குளுமையாகவும் இருக்க வேண்டும். எங்கே படுப்பது என்று பாம்பே முடிவு செய்துகொள்ளும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒரு சின்ன மறைவு. ஒரு கிண்ணம் தண்ணீர். இவ்வளவுதான் அதன் சொத்து.

சூடு கொடுப்பதற்கு அடியில் வைக்கும் மெல்லிய ஹீட்டர் விரிப்பு கிடைக்கிறது. அதை நேராக பிளக்கில் சொருகினால் கதை கந்தல். இஸ்திரிப் பெட்டியிலும் கீசரிலும் இருக்கிறதே தெர்மோஸ்டாட், அதைப்போல ஒன்று நடுவில் இருந்தே தீரவேண்டும். பாம்புக்கு ஒரு விசித்திரமான பலவீனம் உண்டு. அடிவயிறு வெந்துகொண்டிருந்தாலும் நகராமல் அப்படியே படுத்திருக்கும். செதில் கருகிப் புண்ணான பிறகுதான் வளர்ப்பவருக்கே தெரியும்.

ஒரு பெட்டிக்கு இதெல்லாம் பெரிய வேலை இல்லை. ஆனால் ஒன்றோடு நிறுத்துகிறவர் யார்?

வெள்ளையாக ஒன்று இருக்கிறதாமே என்று இரண்டாவது வரும். ஜோடி சேர்க்கலாமே என்று மூன்றாவது. பாம்பு கூட்டுக்குடும்பம் நடத்தாது. ஒன்றுக்கு ஒரு பெட்டி. புதிதாக வந்ததை மற்றதோடு ஒரே அறையில் வைக்கவும் கூடாது. செதிலுக்கு அடியில் உண்ணி இருக்கும். ஒன்றிலிருந்து பத்துக்கும் பரவும். மாதக்கணக்கில் தனி அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பெட்ரூம் பிளாட்டில் தனி அறைக்கு எங்கே போவது? மாமியாரை ஹாலுக்கு அனுப்புவதா?

பத்துப் பெட்டி என்றால் பத்து ஒயர். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் சொருகி, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணங்களையும் வைத்துவிட்டு வெளியே போவது பாம்பைவிட ஆபத்து.

சாப்பாடு? பாம்பு பால் குடிக்காது. ஆடி மாதம் புற்றில் ஊற்றினாலும் குடிக்காது. எலிதான் வேண்டும். இருபது பாம்புக்கு வாரம் தவறாமல் எலி வேண்டும் என்று, கடைசியில் பாம்பு வளர்க்கப் போனவர் எலிப் பண்ணை வைத்த கதையாகிவிடும்.

62 வயதுக் கிழவி போட்ட முட்டை!

ஜோடி சேர்க்காவிட்டால் பெருகாது என்று நினைத்தாலும் தப்பு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர மிருகக்காட்சி சாலையில் ஒரு பெண் பால் பைதான். வயது 62–க்கு மேல் என்று கணக்கு. 15 ஆண்டுகளுக்கு மேலாக ஆண் பாம்பின் வாடையே இல்லை. 2020–ம் ஆண்டு ஜூலையில் அது 7 முட்டை போட்டு எல்லோரையும் அசத்தியது!

வயதைக் கவனியுங்கள். சாதாரணமாகவே 20, 30 வருஷம் இருக்கும் பாம்பு இது. கல்லூரியில் படிக்கும் பையன் இன்றைக்கு வாங்கினால், அவன் பிள்ளையும் கல்லூரிக்குப் போகும் வரை ஹீட்டர் ஓடவேண்டும்.

நடுவில் மழை வரும். 2015–ம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023–ம் ஆண்டு டிசம்பரில் மிச்சாங் புயலின்போது வேளச்சேரி பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மனிதர்களே படகில் ஏறியபோது, தரைத்தளத்தில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் ஜீவனை யார் தூக்குவது?

கிண்டியில் நடந்தது

இந்தப் பெருக்கத்துக்குச் சென்னை ஒரு கௌரவமான வழியைக் கண்டது உண்டு. அதுதான் கிண்டி பாம்புப் பண்ணை.

அமெரிக்காவில் பிறந்தவர் ரோமுலஸ் விட்டேகர். பொடிப் பையனாக இருக்கும்போதே பாம்பை வீட்டுக்குத் தூக்கி வந்தவர். அம்மா அடிக்கவில்லை, ‘எவ்வளவு அழகு’ என்றார்! எட்டு வயதில் இந்தியா வந்தார். வாலிபத்தில் அமெரிக்கா போய், மியாமியில் பில் ஹாஸ்ட் நடத்திய பாம்புப் பண்ணையில் வேலை கற்றுக்கொண்டு, 1967–ல் திரும்பினார். 1969–ம் ஆண்டு தாம்பரத்தை அடுத்த சேலையூரில் சின்னதாகப் பாம்புகளைக் காட்சிக்கு வைத்தார். 1972–ல் அது கிண்டி காட்டோரத்துக்கு வந்தது. காட்டுக்குப் பக்கத்திலேயே மரத்தடியும் மண்ணும் புதரும் கிடைத்தது. இங்கே இருக்கும் சாரைக்கும் நாகத்துக்கும் சென்னைக் காற்றே போதும். ஒரு கூட்டம் பாம்புகளை வைத்துக் காப்பாற்ற அவருக்கே வீடு போதவில்லை. ஒரு பண்ணையும் ஆட்களும் வேண்டியிருந்தது.

அவர் கூட்டாளிகள் இருளர்கள். பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றதும் பிழைப்பு போனவர்கள். 1978–ல் அவர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் உண்டானது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது.

அங்கே போய்ப் பார்த்தால் பாம்பு வீட்டு வசதி எப்படி என்பது விளங்கும். ஹீட்டரும் கிடையாது, தெர்மோஸ்டாட்டும் கிடையாது. மண் பானை! பாதிக்கு மண் போட்டு, பாம்பை உள்ளே விட்டு, வாயில் பருத்தித் துணியைக் கட்டிவிடுகிறார்கள். பானை நீர் குளிர்வதுபோலப் பாம்பும் குளிர்ந்து கிடக்கும். இருட்டும் கிடைக்கும், காற்றும் கிடைக்கும். வாரம் ஒரு முறை விஷம் எடுப்பார்கள். ஒரு மாதம் போல வைத்திருந்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். எதையும் காலத்துக்கும் சேர்த்து வைப்பது இல்லை.

விஷமுறிவு மருந்துக்கு இந்த விஷம்தான் போகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் அதில் மருந்து உண்டு. அழகாக இருக்கிறதே என்று வெளிநாட்டு விரியனை வீட்டில் வைத்து, அது கடித்தால் பெரியாஸ்பத்திரிக்கு ஓடியும் பிரயோஜனம் இல்லை. அந்த விஷத்துக்கு இந்த மருந்து கேட்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

உள்ளூர்ப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972–ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் மலைப்பாம்பு, புலி யானையோடு ஒரே அட்டவணையில் இருக்கிறது. 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில். அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது.

வெளிநாட்டுப் பாம்பு விஷயத்தில் ரொம்ப நாள் கேட்பார் இல்லை. உள்ளே கொண்டுவரும்போது பிடிபட்டால்தான் தப்பு, வீட்டுக்குள் வந்துவிட்டால் ராஜா! 2020–ல் மத்திய அரசு, வைத்திருப்பவர்கள் தாமாகச் சொல்லிவிடலாம் என்று ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது. பிறகு சட்டம் திருத்தப்பட்டு 2023–ம் ஆண்டு ஏப்ரல் 1–ந் தேதி அமலுக்கு வந்தது. 2024–ம் ஆண்டு பிப்ரவரியில் விதிகள் வந்தன. சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பால் பைதான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. குட்டி பிறந்தாலும் சொல்லவேண்டும், செத்தாலும் சொல்லவேண்டும், கை மாறினாலும் சொல்லவேண்டும். பத்துப் பெட்டி வைத்திருப்பவருக்கு இது ஒரு குமாஸ்தா உத்தியோகம்.

பெட்டி பெருகி, கரண்ட் பில் ஏறி, வீட்டில் சண்டை முற்றியதும் சிலருக்குத் தோன்றும் யோசனை ஒன்று உண்டு. ‘பேசாம காட்டுல விட்டுடலாமே!’

புளோரிடா போன மாசியும் வடிவேலும்

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் அதைத்தான் செய்தார்கள். ஆசைக்கு வளர்த்த பர்மா மலைப்பாம்புகள் சில தப்பின, சிலவற்றை எஜமானர்களே சதுப்புக் காட்டில் விட்டார்கள். அவை பெருகி, முயலையும் மானையும் தின்று தீர்க்க ஆரம்பித்தன. பிடிக்க ஆள் போதவில்லை. 2017–ம் ஆண்டு ஜனவரியில் இங்கிருந்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் விமானம் ஏறினார்கள். கையில் ஒரு கடப்பாரை. கண் தடத்தின் மேல். முதல் 8 நாளில் 13 மலைப்பாம்பு! அதில் ஒன்று 16 அடி.

2023–ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கிண்டிக் காட்டிலோ அடையாறு முகத்துவாரத்திலோ ஒன்றை விட்டால், குளிரில் சாகாமல் வருஷம் முழுக்கச் சூடு இலவசமாகக் கிடைக்கும். அதற்கு ஹீட்டர் வேண்டியதில்லை. ஆகவே வைத்துக்கொள்ள முடியாதவர்கள் கேட்க வேண்டிய இடம் வனத்துறை.

பாம்பைப் பார்க்கும் ஆசை மட்டும்தான் என்றால், மத்திய கைலாசில் இருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரம்தான் கிண்டி பாம்புப் பண்ணை. செவ்வாய்க்கிழமை விடுமுறை.