தொலைவை அழைக்கும் கருவி: பயணக் கேமராவின் நிறைகளும் குறைகளும்

முன்னுரை

இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளி எவ்வாறு உருவமாகிறது என்பதை ஆராய்ந்து விளக்கியவர்களுள் தலையாயவர் பஸராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம் ஆவார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய ‘கிதாபுல் மனாழிர்’ ஒளியியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும். கிரகணத்தின்போது பிறையாகத் தேய்ந்த சூரியனின் வடிவம், துளை சிறிதாயின் பிறையாகவும், பெரிதாயின் வட்டமாகவும் விழுவதை அவர் தனியொரு நூலில் ஆராய்ந்தார். துளை சிறுத்தால் வடிவம் தெளியும். ஆனால் ஒளி குறையும். ஒன்றைப் பெற வேண்டுமாயின் மற்றொன்றை இழக்க வேண்டும் என்னும் இவ்வியல்பு இன்றைய கேமராவுக்கும் பொருந்துவதாகும்.

களப்பணிக்கும் பயணத்திற்கும் கேமரா வாங்க விழையும் மாணவர்கள், சட்டைப் பையில் அடங்கி 30 மடங்கும் 40 மடங்கும் ‘ஜூம்’ செய்யும் சிறு கேமராக்களையே பெரிதும் நாடுகின்றனர். அவற்றால் பெறுவன எவை, இழப்பன எவை என்பதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் அமைப்பு

2006இல் வெளிவந்த பானசோனிக் டி.இசட்.1 என்னும் கேமரா 10 மடங்கு ஜூம் கொண்டிருந்தது. 2018இல் வந்த கேனன் எஸ்.எக்ஸ்.740 கேமராவோ 40 மடங்கு ஜூம் உடையது. இக்கேமராவின் லென்ஸ் 24 முதல் 960 மி.மீ. வரை குவியத் தூரம் உடையது என்பர். உண்மையில் அதன் குவியத் தூரம் 4.3 முதல் 172 மி.மீ. வரையே. அவ்வாறாயின் 960 எங்கிருந்து வந்தது? படத்தைப் பதிவு செய்யும் ‘சென்சார்’ மிகச் சிறிதாக இருப்பதால், காட்சியின் சிறு பகுதி மட்டுமே அதில் விழுகிறது. பழைய 35 மி.மீ. பிலிம் கேமராவில் 960 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு அப்பகுதி நெருங்கித் தோன்றுகிறது. கருவி சிறுத்ததற்கும் ஜூம் நீண்டதற்கும் சென்சார் சிறுத்ததே காரணம். பின்னர் நாம் காணவிருக்கும் குறைகள் பலவற்றிற்கும் அதுவே காரணமாகும்.

நிறைகள்

நாகூர் தர்காவின் உயர்ந்த மினாரா 131 அடி உயரமுடையது. அதன் மேல்தளத்து வேலைப்பாடுகளைத் தரையில் நின்று கண்ணால் ஆராய இயலாது. 100 மீட்டர் தொலைவில் நின்று 24 மி.மீ. நிலையில் படமெடுத்தால் 150 மீட்டர் அகலக் காட்சி முழுவதும் படத்துள் அடங்கும். அவ்விடத்திலேயே நின்று 720 மி.மீ. நிலைக்கு நீட்டினால் 5 மீட்டர் அகலப் பகுதி மட்டும் படத்தை நிறைக்கும். சுற்றுப்புறத்தையும் நுண்வேலைப்பாட்டையும் ஓரடியும் நகராமல் பதிவு செய்ய இயல்வது இக்கருவியின் முதற் சிறப்பாகும்.

எடை ஏறத்தாழ 300 கிராம் என்பது இரண்டாவது சிறப்பு. லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவில் இதே நெருக்கத்தைப் பெறக் கிலோக் கணக்கில் சுமக்க வேண்டும். லென்ஸைக் கழற்ற வேண்டாமையால் கடற்கரைக் காற்றில் மணல் உள்ளே புகும் அச்சம் குறைவு என்பது மூன்றாவது. நல்ல வெயிலில் மாடம், கலசம், மேற்சுவர்க் கல்வெட்டு, பறவை ஆகியவற்றைப் படமெடுக்க, கைப்பேசியினும் இதுவே பல வேளைகளில் ஏற்றதாகும்.

குறைகள்

முதற்குறை ஒளிக் குறைவு. மேற்கூறிய 40 மடங்கு கேமராவின் ஒளித்துளை அளவு, ஜூம் நீட்டாதபோது எஃப் 3.3, முழுதும் நீட்டியபோது எஃப் 6.9. அதாவது, உள்ளே வரும் ஒளி கால் பங்குக்கும் கீழே குறைகிறது. சென்சாரின் பரப்போ ஏறத்தாழ 28 சதுர மி.மீ.; 35 மி.மீ. பிலிமின் பரப்பு 864 சதுர மி.மீ. முப்பதில் ஒரு பங்கு பாத்திரத்தில் மழைநீர் பிடிப்பது போன்றது இது.

இரண்டாவது கைநடுக்கம். நெருக்கிக் காட்டும் லென்ஸ் நடுக்கத்தையும் பெருக்கிக் காட்டும். 720 மி.மீ. நிலையில் நொடியில் 700இல் ஒரு பங்கு நேரத்திற்குள் படம் பதிவாக வேண்டும் என்பது பழைய விதி. நடுக்கம் தடுக்கும் அமைப்பு இதனைத் தளர்த்தும். ஆயினும் எதிரே அசையும் பொருளை அது நிறுத்தித் தராது.

மூன்றாவது குறையே ஆராய்ச்சியாளர்க்குப் பெரிதும் தீங்கானது. ஒளி போதாதபோது கேமரா தன் உணர்திறனை உயர்த்துகிறது. படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றுகின்றன. அவற்றை நீக்கும் பொருட்டுக் கேமராவே படத்தை மெழுகித் தருகிறது. மெழுகும்போது மணல் எது, பொருள் எது என்று அது அறிவதில்லை.

பட்டறிவு

இதனை நாம் நூலறிவாக அன்றி, இழப்பின் வாயிலாகவே அறிந்தோம். கடலோர ஊரொன்றில் பழைய வீட்டில் இருந்த அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படியொன்றைப் பதிவு செய்யச் சென்றிருந்தோம். அஸர் தொழுகைக்குப் பின் மூதாட்டியார் ஒருவர் அதனை ஓதும் பலகையில் விரித்து வைத்து, “நல்லாப் பார்த்து எடுத்துக்குங்க வாப்பா” என்றார். குனிந்தால் நம் நிழல் ஏட்டின்மீது விழுந்தது. ஆகவே எட்டி நின்று ஜூமை நீட்டி எடுத்தோம். சிறு திரையில் படங்கள் தெளிவாகவே தோன்றின.

கல்லூரிக்குத் திரும்பிப் பெரிதாக்கிப் பார்த்தபோது கோடுகள் இருந்தன, புள்ளிகள் இல்லை. அரபு எழுத்தில் ‘பே’, ‘தே’, ‘ஸே’ மூன்றிற்கும் உடல் ஒன்றே, புள்ளிகளே வேறுபாடு. தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் சேர்த்த குறிகளும் பெரும்பாலும் புள்ளிகளே. அவற்றை மணலென்று கருதி மெழுகிவிட்டது கருவி. மழைக்காலம் கழிந்து மீண்டும் சென்றோம். கூரை ஒழுகி ஏடுகள் பல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மூதாட்டியார் எம்மைக் குறை கூறவில்லை. “படம் இருக்குல்ல” என்று ஆறுதலாகக் கேட்டார். நாம் விடை கூற இயலாது நின்றோம்.

கொள்ள வேண்டிய முறை

ஏடு, பழநூல், கல்வெட்டு போன்று அணுகத்தக்கவற்றை, ஜூமை நீட்டாது அருகிற் சென்றே எடுத்தல் வேண்டும். பக்கவாட்டிலிருந்து சன்னல் ஒளி விழுமாறு ஏட்டை வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, உணர்திறனைத் தாழ்ந்த அளவில் வைத்து, இரு நொடி தாமதப் பொத்தானைப் பயன்படுத்தினால் நடுக்கமும் மணலும் குறையும். ‘டிஜிட்டல் ஜூம்’ என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே; அதனை அடைத்து வைத்தல் நன்று. இவையனைத்தினும் முதன்மையானது, இடத்தை விட்டு அகலுமுன் ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கி எழுத்தின் புள்ளியைத் தேடிப் பார்த்தலாகும்.

இருண்ட இடங்களில் மிகுதியாகப் பணியாற்றுவோர், ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்புள்ள ‘ஓரங்குல’ சென்சார் கொண்ட பயணக் கேமராவை நாடலாம். அதில் ஜூம் 8 முதல் 15 மடங்கு வரையே கிட்டும், விலையும் மிகும்.

முடிவுரை

எட்டாதவற்றை எட்டச் செய்வதற்கு நீண்ட ஜூம் நல்ல துணை. எட்டத்தக்கவற்றை எட்டி நின்று பார்ப்பதற்கு அதனைச் சாக்காகக் கொள்ளலாகாது. நம் ஊர்ப் பழைய வீடுகளின் பெட்டிகளில் இன்னும் எத்தனையோ ஏடுகள் உறங்குகின்றன. மாணவச் செல்வங்கள் அவற்றைத் தேடிச் செல்ல வேண்டும். பெரியோர்கள் பெட்டியைத் திறந்து தர வேண்டும். அவ்வாறு திறக்கும் நாளில் நாம் அருகிற் சென்று, குனிந்து, புள்ளி பிழையாது பதிவு செய்வோமாக.