உஷார்! ஜாக்கெட் லூஸாகிறதா? பிடித்துத் தைக்கும் முன் இதைப் படியுங்கள்!

தயவுசெய்து இதைப் பாதியில் மூடி வைக்காதீர்கள். வீட்டில் நாற்பதைத் தாண்டிய அம்மா, அக்கா, அத்தை இருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

போன வருஷம் தைத்த ஜாக்கெட் தோளை விட்டு நழுவுகிறதா? பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டீர்களா? வளையல் முழங்கை வரை ஏறுகிறதா? டயட் எதுவும் இல்லை, நடைப்பயிற்சி இல்லை, சாப்பாட்டையும் குறைக்கவில்லை. ஆனாலும் உடம்பு இறங்குகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள்.

காரணம் இல்லாமல் எந்த உடம்பும் இளைக்காது!

நம் ஊரில் ஒருவர் இளைத்துவிட்டால் முதலில் பாராட்டிவிடுகிறோம். "என்ன பண்ணே, எனக்கும் சொல்லு" என்கிறோம். அந்தப் பாராட்டே எத்தனையோ பேரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்திருக்கிறது.

ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர், பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்தவர். பொங்கலுக்குத் தைத்த ஜாக்கெட், ஆடி மாதத்தில் கைப்பக்கம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தையல்கார அம்மா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டு, "என்னக்கா, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்களே!" என்றார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமை.

அதே சமயம் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. உள்பாவாடை நாடா முடிச்சுப் போட எட்டவில்லை. நீளமான நாடாவாக வாங்கிக் கோத்துக்கொண்டார். மேலே லூஸ், கீழே டைட். கொஞ்சம் உறுத்தியதால் மருந்துக்கடை மெஷினில் ஏறி எடை பார்த்தார். போன வருஷம் காட்டிய அதே எடை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அப்புறம் என்ன பயம் என்று வந்துவிட்டார்.

வயிறு உப்பியது. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தார். இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோனது. அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருந்தது. "மாதவிலக்கு நின்ன வயசு, தொப்பை போடத்தானே செய்யும்" என்று பக்கத்து வீட்டில் ஆறுதல் சொன்னார்கள். கடைசியில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மகள் இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தாள். வயிறு முழுக்க நீர். சினைப்பையில் புற்றுநோய். மூன்றாம் நிலை.

எடை மட்டும் எப்படி மாறாமல் இருந்தது? கையிலும் தோளிலும் தொடையிலும் சதை கரைந்துகொண்டிருந்தது. வயிற்றில் நீர் சேர்ந்துகொண்டிருந்தது. போனதும் வந்ததும் சரிக்குச் சரி. மெஷின் கூட்டுத்தொகையைக் காட்டியது, அவ்வளவுதான். நடந்த மாற்றத்தை அந்த ஜாக்கெட்டும் பாவாடையும் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தன. கேட்க ஆள் இல்லை.

கை கால் மெலிந்து, வயிறு மட்டும் பெருத்தால் அது வெறும் தொப்பை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்!

சினைப்பைப் புற்று மட்டும்தான் என்றில்லை. கல்லீரல் கெட்டாலும் இப்படித்தான் வயிற்றில் நீர் கோக்கும். குடிப்பழக்கம் உள்ள ஆண்களின் வீட்டில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கர்ப்பப்பை வாய்க்குச் செய்யும் பாப் ஸ்மியர் பரிசோதனையில் குறையில்லை என்று வந்துவிட்டால், "எனக்குப் புற்று இல்லை" என்று நிம்மதியாகிவிடுகிறோம். சினைப்பையில் இருப்பதை அந்தப் பரிசோதனை காட்டாது. அதற்கு மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும்.

எவ்வளவு இளைத்தால் ஆபத்து என்று கேட்பீர்கள். மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள், நீங்களாக முயலாமலே உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் காரணம் தேடியாக வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு அது வெறும் 3 கிலோ. "மூணு கிலோதானே" என்று சொல்லிவிடுவீர்கள் என்பதுதான் என் கவலை.

இளைப்போடு தாகமும் சேர்ந்தால், ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்தால், சுகர் பார்த்தே ஆக வேண்டும். உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலம் ஆனால் லேசாகக் காய்ச்சல், ராத்திரி வியர்த்துக் கொட்டுவது, கூடவே சட்டை லூஸாவது: காசநோயாக இருக்கலாம். சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் தருகிறார்கள்.

எடைக்குறைவை அற்பமாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டில் 2022 முதல், காசநோய் என்று உறுதியானதுமே நோயாளியின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்க்கிறார்கள். மிக மெலிந்துபோனவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறார்கள். மருந்து வேலை செய்வதற்குள்ளேயே உயிர் போய்விடும் அபாயம் அவர்களுக்குத்தான் அதிகம்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் உஷார்!

ஜூன் மாதம் சரியாக இருந்த பள்ளிக்கூட நிக்கர் அக்டோபரில் இடுப்பில் நிற்கவில்லையா? வளர்கிற பிள்ளை, உயரம் போடுகிறான் என்று விட்டுவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்குத் துணி சின்னதாகத்தான் ஆக வேண்டும், பெரிதாகக் கூடாது. தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துகொண்டே இருக்கிறானா? நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் மறுபடி வந்திருக்கிறதா? அன்றைக்கே சுகர் பாருங்கள். குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் சில வாரங்களில் முற்றிவிடும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடுகிற விஷயம் இது!

இவ்வளவு நடந்தும் நமக்கு ஏன் தெரிவதில்லை? நம் வீட்டு உடுப்பு அப்படி. நைட்டிக்கு அளவே கிடையாது. லுங்கி எந்த இடுப்புக்கும் சேரும். எலாஸ்டிக் வைத்த லெக்கிங்ஸ் பத்து கிலோ ஏறினாலும் வாய் திறக்காது. ஹூக் வைத்த ஜாக்கெட்டும் பட்டன் வைத்த பேண்டும்தான் உண்மை பேசும் துணிகள். வீட்டோடு இருக்கும் பெரியவர்கள் அதைப் போடுவதே விசேஷ நாளில்தான்.

ஆண்களே, நீங்கள் வேறு விதத்தில் ஏமாறுகிறீர்கள். "பத்து வருஷமா முப்பத்திநாலு சைஸ்தான்" என்று சொல்வீர்கள். பேண்டை எங்கே போடுகிறீர்கள்? தொப்பைக்குக் கீழே! இடுப்பு பெருக்கப் பெருக்க பேண்ட் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ரெடிமேட் துணியின் சீட்டில் போட்டிருக்கும் எண்ணையும் நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப் வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து பாருங்கள். நம் நாட்டு உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. அதைத் தாண்டினால், ஆள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் சுகருக்கும் மாரடைப்புக்கும் வாய்ப்பு கூடுகிறது.

திடீரென்று இறுகினால் அதுவும் எச்சரிக்கைதான். காலையில் சரியாக இருந்த செருப்பு வார் சாயங்காலம் பதிகிறது, மோதிரம் கழற்ற வரவில்லை, கண்ணுக்குக் கீழே ஊதியிருக்கிறது என்றால் உடம்பில் நீர் சேர்கிறது. சிறுநீரகத்தையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது நீராகத்தான் இருக்கும், கொழுப்பு அவ்வளவு வேகத்தில் சேராது. உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நாடா இறுக்கமும் அற்பமில்லை. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிய உள்பாவாடை நாடாவால் இடுப்பில் ஆறாத புண் வந்து, அது தோல் புற்றாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி 2024-ல் மகாராஷ்டிரா, பீகார் மருத்துவர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். நாடா பதிந்த கறுத்த தடம் நம் அம்மாக்கள் பலரின் இடுப்பில் இருக்கிறது. தோல் உரிந்தால், புண் ஆறாமல் நின்றால் காட்டுங்கள். நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தையுங்கள்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன்: இளைக்க வைக்கும் மாத்திரை, சதை போட வைக்கும் பவுடர் இரண்டையும் தொடாதீர்கள்! இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று சிபுட்ரமின் என்ற இளைப்பு மருந்தை இந்தியா 2011-ல் தடை செய்தது. "மூலிகை" என்று லேபிள் ஒட்டிய பொருள்களில் அது கலந்திருப்பதை அதற்குப் பிறகும் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். சதை போட வைக்கும் பவுடர் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முகம் உருண்டை ஆகும், சுகர் ஏறும், எலும்பு பலமிழக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுப் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லும் முறையில்தான் குறைக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது "உடம்பு ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பொங்கலுக்குத் தைச்சது, இப்ப இரண்டு இஞ்ச் பிடிச்சாச்சு" என்று சொல்லுங்கள். பழைய ஜாக்கெட்டையே எடுத்துக்கொண்டு போனாலும் தப்பில்லை. மாதம் ஒரு தடவை ஒரே மெஷினில் எடை, கூடவே இடுப்பளவு. இரண்டையும் காலண்டரில் எழுதி வையுங்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, வீடியோ காலில் முகம் மட்டும்தான் தெரியும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் சட்டைக் காலரைப் பாருங்கள், அம்மாவின் ஜாக்கெட் கையைப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் மறுநாள் காலையே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள். கேட்காதீர்கள்.