‘குட் டச், பேட் டச்’ ஓகே... உறுப்புக்குப் பெயர் சொன்னால் மட்டும் ஏன் சண்டை?

திருவேற்காடு, அயப்பாக்கம், பருத்திப்பட்டு பக்கம் குடியிருக்கும் இளம் பெற்றோருக்கு இந்தக் காட்சி ஒன்றும் புதுசாக இருக்காது. பள்ளியிலிருந்து ஒரு சர்க்குலர் வரும்: ‘ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு உடல் பாதுகாப்பு வகுப்பு’. பத்தே நிமிஷத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப் சூடாகிவிடும். ‘ஆறு வயசுல இதெல்லாம் தேவையா?’, ‘அந்த புக்ல என்ன படம் போட்டிருக்காங்க, பார்த்தீங்களா?’ சிலர் எதுவும் பேசாமல், அன்றைக்குப் பிள்ளைக்கு லீவு போட்டுவிடுவார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

2007-ல் நடந்தது என்ன?

மத்திய மனிதவள அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து, 9, 11-ம் வகுப்பு மாணவர்களுக்காக ‘வளரிளம் பருவக் கல்வித் திட்டம்’ கொண்டுவந்தன. எச்.ஐ.வி. தடுப்புதான் முக்கிய நோக்கம். ஆனால், ஆசிரியர்களுக்குக் கொடுத்த படங்களும் விளக்கங்களும் ஆபாசமாக இருப்பதாகச் சொல்லி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, குஜராத், கர்நாடகா உள்ளிட்ட மாநிலங்கள் திட்டத்தை நிறுத்தின. கட்சி பேதமே இல்லை. பிறகு பாடப்பொருளைத் திருத்தினார்கள். 2009-ல் வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே கூடாது என்று அறிக்கை கொடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சண்டை நடந்தது 14, 16 வயசுப் பிள்ளைகளுக்கான பாடத்தைப் பற்றி. ஆறு வயசுக் குழந்தை அதில் எங்குமே இல்லை. ஆனால், ‘பாலியல் கல்வி’ என்ற வார்த்தைமேல் அன்று விழுந்த கறை, ‘உன் உடம்பு உன்னுடையது’ என்று சொல்லித்தரும் சின்னக் குழந்தைகளின் வகுப்பையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது. இரண்டும் வேறு வேறு.

அம்பத்தூர் வழக்கு

அடுத்த திருப்பம் நம்ம பக்கத்து ஊரிலிருந்து வந்தது. குழந்தைகளின் ஆபாச வீடியோக்களை செல்போனில் வைத்திருந்ததாக ஒரு இளைஞர்மேல் 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையம் வழக்குப் பதிந்தது. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. வீடியோவை வைத்திருப்பது எப்போது போக்சோ குற்றமாகும் என்பதைப் பற்றித்தான் எல்லா ஊடகமும் பேசின. (நாங்களும்தான்.)

ஆனால், அதே தீர்ப்பின் பின்பகுதியில் பாலியல் கல்வி பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். அது மேற்கத்தியச் சரக்கு, பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்ற எண்ணங்கள் தவறு என்று சொன்ன நீதிமன்றம், முழுமையான பாலியல் கல்விக்காக நிபுணர் குழு அமைப்பது பற்றி யோசிக்குமாறு மத்திய அரசிடம் கூறியது. 2025 அக்டோபரில் வேறொரு வழக்கில், ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காமல் சின்ன வயதிலிருந்தே இதைக் கற்பிக்க வேண்டும் என்றும் சொன்னது.

‘ஷேம் ஷேம்’ என்றால் எது?

எனக்குத் தெரிந்து இந்த விவகாரத்தின் மையமே இதுதான். நம் வீடுகளில் கண்ணு, மூக்கு, காது, தொப்பை எல்லாம் சொல்லித்தருவோம். இடுப்புக்குக் கீழே வந்ததும் ‘ஷேம் ஷேம்’. அதுவும் இல்லை என்றால் வீட்டுக்கு ஒரு செல்லப் பெயர். அந்த வீட்டைத் தாண்டினால் அது யாருக்கும் புரியாது.

இப்போது போக்சோ சட்டத்தைப் பாருங்கள். குழந்தை சொன்னதை, குழந்தை சொன்னபடியே வாக்குமூலமாகப் பதிய வேண்டும் என்கிறது 26-வது பிரிவு. நல்ல விதி. ஆனால், ‘அங்கிள் ஷேம் ஷேம் பண்ணாரு’ என்று ஒரு குழந்தை வகுப்பு டீச்சரிடம் சொன்னால் என்ன ஆகும்? ‘சீ, அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று டீச்சர் அதட்டிவிட்டால், அந்த வாக்குமூலம் காவல் நிலையம் வரை போகவே போகாது. ‘அந்த இடத்தைத் தொட்டார்’ என்று வாய்விட்டுச் சொல்ல, அந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். ஆண்குறி, பெண்ணுறுப்பு என்றே சொல்லலாம். கூச்சம் நமக்குத்தான். குழந்தைக்கு அது முழங்கை மாதிரி இன்னொரு வார்த்தை.

‘குட் டச், பேட் டச்’ போதாதா என்று கேட்கலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தவறான தொடுதல் எல்லாமே குழந்தைக்கு வலிக்காது. கூச்சமாக, விளையாட்டாகக்கூட இருக்கலாம். டாக்டர் போடும் ஊசி வலிக்கும், ஆனால் அது தவறில்லை. அதனால்தான் ‘பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்’ என்று பலர் மாற்றிச் சொல்லித்தருகிறார்கள். கூடவே ‘இதை அம்மாகிட்ட சொல்லாதே’ என்று யார் சொன்னாலும் உடனே வந்து சொல்ல வேண்டும் என்ற விதியும்.

யாரிடமிருந்து பாதுகாப்பு? மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்ன குழந்தைகள் 53 சதவீதம். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். 2018-ல் வெளிவந்த அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பு வழக்கு ஞாபகம் இருக்கும். லிஃப்ட் ஆபரேட்டர், செக்யூரிட்டி, பிளம்பர் என்று அந்தச் சிறுமி தினமும் பார்த்த ஆட்கள்தான். 2020-ல் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. ‘தெரியாதவங்க சாக்லேட் கொடுத்தா வாங்காதே’ என்ற நம் பழைய அட்வைஸ் அங்கே எதற்கும் உதவியிருக்காது.

அப்போ பெற்றோர் கேட்பது தப்பா?

இல்லை. குரூப்பில் வரும் எல்லாக் கேள்வியையும் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. வகுப்பு எடுக்க வரும் வெளியாள் யார், அவருக்கு என்ன பயிற்சி, ஆசிரியர் வகுப்பிலேயே இருப்பாரா, படங்களை முன்கூட்டியே காட்டுவார்களா? எல்லாமே நியாயமான கேள்விகள். பிள்ளையின் புத்தகத்தைப் பெற்றோர் முதலில் பார்ப்பது வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டாக வந்த ஒற்றைப் பக்கமாக இருந்தால், சண்டை வரத்தான் செய்யும். பள்ளிகள் ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டு முழுப் பாடத்தையும் காட்டிவிட்டால் பாதி கோபம் அங்கேயே அடங்கிவிடும்.

தமிழ்நாட்டின் 8-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று தனிப் பாடமே இருக்கிறது. 13 வயசுக்கு அது சரி. இரண்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு இப்போதைக்கு இருப்பது, அந்தச் சர்க்குலரில் வரும் ஒரு மணி நேர வகுப்பும், வீடும்தான்.

வீட்டில் ஆரம்பிக்க, குளிப்பாட்டும் நேரமே போதும். சோப்புப் போடும்போது ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் சொல்லலாம். அப்புறம், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரருக்கு ‘மாமாவுக்கு ஒரு முத்தா குடு’ என்று பிள்ளையைத் தள்ளிவிடுவோம் இல்லையா? பிள்ளை பின்வாங்கினால் அன்றைக்கு ஒரு வணக்கத்தோடு விட்டுவிடலாம். மாமா கோவிச்சுக்கத்தான் செய்வார்.

ஏதாவது நடந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண்: 1098. பள்ளி தொடர்பான புகாருக்கு 14417. 24 மணி நேரமும் பேசலாம் என்பது 1098-க்குப் பொருந்தும். ‘வெளியே தெரிஞ்சா பள்ளிக்கு அசிங்கம்’ என்று நிர்வாகம் மூடி மறைத்தால், போக்சோ 21-வது பிரிவின்படி அதுவும் குற்றமே.