ஆற்றின் நிலமும் நகரின் வளர்ச்சியும்: கனகராயன் ஆற்று வெள்ளச் சமவெளி பற்றிய ஒரு நோக்கு

ஆறு என்பது நீரோடும் தடம் மட்டுமன்று. மாரியில் அது பரந்து நிற்கும் தாழ்நிலமும் ஆற்றின் பகுதியேயாகும். புவியியலாளர் இதனை வெள்ளச் சமவெளி என்பர். கோடையில் வெறுநிலமாகக் காட்சியளிப்பதால் இது உரிமையாளரற்ற நிலமெனக் கருதப்படுகின்றது. வளரும் நகரொன்றின் அருகில் இக்கருத்து எத்துணை ஆபத்தானது என்பதற்குக் கிளிநொச்சி தக்க சான்றாகும்.

வவுனியா மாவட்டத்தில் தோன்றும் கனகராயன் ஆறு, ஏறத்தாழ 86 கிலோமீற்றர் ஓடிச் சுண்டிக்குளம் கடனீரேரியை அடைகின்றது. வடகீழ்ப் பருவமழையில் பெருகிக் கோடையில் வற்றுவது இதன் இயல்பு. 1902இல் தொடங்கி 1920இல் நிறைவுற்ற இரணைமடுக் குளம் இவ்வாற்றை மறித்தே அமைக்கப்பட்டது. 'இரணை' என்பது இரட்டையையும், 'மடு' என்பது ஆழ்ந்த நீர்நிலையையும் குறிக்கும். அணைக்கு முன்னரே இங்கு நீர் தங்கியிருந்தமையை இடப்பெயரே உணர்த்துகின்றது எனலாம். யாழ்ப்பாணத்தின் நிலநெருக்கடியைத் தணிக்க 1936இல் குடியேற்றமாகத் தோன்றிய கிளிநொச்சி, 1984இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. எனவே, இந்நகர் ஆற்றுநீரின் குழந்தையே.

வெள்ளச் சமவெளி ஆற்றும் பணிகள் பல. பெருவெள்ளம் அதன்மீது பரவும்போது நீரின் வேகம் குறைந்து வண்டல் படிகின்றது. நீரின் ஒரு பகுதி நிலத்துள் இறங்கிக் கிணறுகளை ஊட்டுகின்றது. கரையோர மருதமரங்களின் வேர்கள் மண்ணரிப்பைத் தடுக்கின்றன. வெள்ளம் வடிந்தபின் அந்நிலம் மேய்ச்சற்றரையாகின்றது. அதனை மண்ணிட்டு நிரப்பினால் நீர் மறைந்துவிடுவதில்லை. அயலவரின் வீட்டினுள் புகுகின்றது.

குளம் கட்டப்பட்டதும் ஆறு அடங்கிவிட்டதாக எண்ணுவதும் தவறாகும். 2018 டிசெம்பர் பிற்பகுதியில் பெய்த பெருமழையின்போது, கொள்ளளவு கூட்டப்பட்டிருந்த இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின, ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்னும் வினா அப்போது பெரிதாக எழுந்தது. ஆயின், வான்பாயும் நீர் செல்லவேண்டிய நிலத்தின் நிலை யாது என்னும் வினா அதனினும் அடிப்படையானது.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1924ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும், ஆற்றோர ஒதுக்குநிலங்களுக்கு இடமளிக்கும் 1947ஆம் ஆண்டின் அரச காணிக் கட்டளைச்சட்டமும் உள்ளன. ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆயினும் முகத்துவாரத்தைக் காத்து, நகரருகிலுள்ள ஒடுங்கிய ஒதுக்குநிலத்தைக் கைவிடுவது தலையை விட்டு வாலைப் பிடிப்பதாகும்.

இங்கு சமூக வினாவொன்றும் எழுகின்றது. தாழ்நிலத்தில் குடியேறுவோர் பெரும்பாலும் வேறு நிலமற்றோரே. 1958, 1977 ஆண்டுகளின் வன்செயல்களால் வன்னிக்கு வந்தோரும், 2009இல் முடிவுற்ற போரால் அனைத்தையும் இழந்தோரும் மேட்டுநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கவில்லை. ஒதுக்குநிலச் சட்டம் இவர்களது குடிசைமீது மட்டும் பாய்ந்து, இலாபத்துக்காக ஆற்றுமணல் அகழ்வோரையும் தாழ்நிலத்தை நிரப்பி விற்போரையும் விட்டுவிடுமாயின் அது பாதுகாப்பாகாது. நிலமற்றோருக்கு மேட்டில் உறுதியுடன் கூடிய காணி வழங்குவதே ஆற்றுக்கு அதன் நிலத்தை மீட்டளிப்பதற்கான முதற்படி. ஆற்றின் உரிமையும் உழைப்போர் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல.