வெள்ளத்தில் மூழ்கிய நெற்பயிர் சேதி அறியும் விதம்

காவிரியின் கடைமடையாகிய திருநள்ளாறு கொம்யூன் கிராமங்களில் சம்பாவும் தாளடியும் சாகுபடி செய்யும் மிராசுதாரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் கவலை மிகுந்த காலமாகும். வடகிழக்குப் பருவமழை ஓங்கி, வடிகால்கள் கடல் முகத்தில் எதிர்த்து நிற்குமாயின், நட்டு ஒரு மாதமும் நிரம்பாத பயிர் நுனி தெரியாமல் நீருள் மறைந்துவிடுகிறது. 2008-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நிஷா புயல் காரைக்காலை அடுத்துக் கரை கடந்தபோது டெல்டா முழுவதும் பட்ட சேதம் பலருக்கும் நினைவிருக்கும். ஒரே மண், ஒரே நீர், ஒரே அளவு நாட்கள் மூழ்கியிருந்தும் ஒரு ரகம் அழுகிப்போக, மற்றொரு ரகம் பிழைத்தெழுவது எதனால் என்பதை இங்கு விளக்குவோம்.

தாவரத்தின் உடல் கண்ணுக்குத் தோன்றாத எண்ணற்ற உயிரணுக்களாலாயது. அவற்றுக்குக் கண்ணில்லை, செவியில்லை. ஆயினும் பயிர் மூழ்கிவிட்டது என்ற சேதி அவற்றுள் ஒவ்வொன்றையும் சில மணி நேரத்தில் எட்டிவிடுகிறது. அச்சேதியைக் கொண்டு செல்வது எத்திலீன் என்னும் வாயு. வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறோமல்லவா? அப்புகையில் வேலை செய்வதும் இதே வாயுதான். செடிகள் தாமே இதனை உண்டாக்குகின்றன என்பது 1934-ல் நிரூபிக்கப்பட்டது. சாதாரண காலத்தில் நெற்பயிரில் உண்டாகும் எத்திலீன் காற்றில் கலந்து போய்விடும். நீரிலோ வாயுக்கள் காற்றிற் பரவுவதைவிடச் சுமார் பதினாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். ஆகவே மூழ்கிய பயிரினுள் அது வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அத்தேக்கமே சேதி.

இதனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உயிரணுவின் உட்புறச் சவ்வுகளில் அமைந்துள்ள புரதங்களாகும். அவற்றுள் முதலாவது, கடுகினத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் 1993-ல் கண்டறியப்பட்டது. எத்திலீன் வந்தமரும் இடத்தில் ஒரு செம்பு அணு இருக்கிறது. (இதனைக் கேட்டு எவரும் பயிருக்குத் துத்தம் தெளிக்கப் புறப்பட வேண்டாம், செடிக்கு வேண்டிய செம்பு மிகச் சொற்பமே.) ஏற்பி வேலை செய்யும் முறை நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. மதகடியில் நிற்கும் லஸ்கருக்கு, "மறு உத்தரவு வரும்வரை மூடியே வை" என்று ஒரு நிலையான கட்டளை உண்டெனக் கொள்வோம். எத்திலீன் வராத வரையில் ஏற்பி அத்தகைய கட்டளையை இடைவிடாது இட்டுக்கொண்டிருக்கிறது. எத்திலீன் வந்தமர்ந்ததும் கட்டளை நின்றுவிடும், மதகு திறக்கும், சேதி உயிரணுவின் மையக்கருவை அடைந்து, அங்குள்ள பற்பல மரபணுக்களை விழிக்கச் செய்யும்.

இதுவரை எல்லா நெல்லுக்கும் பொது. வேற்றுமை இனிமேல்தான். சாதாரண ரகங்களில் இச்சேதியின் பயனாக ஜிப்பெரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கியின் வேகம் மிகுகிறது. நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, அளவு மீறி உயர்ந்து, பின் சாவதைக் கண்டிருப்பீர்கள். அந்நோய்க்குக் காரணமான பூஞ்சணம் சுரக்கும் பொருளே நாற்றை அவ்வாறு நீட்டுகிறதென்று ஜப்பானியரான குரோசாவா 1926-ல் காட்டினார். 1935-ல் யபுதா அதற்கு ஜிப்பெரெல்லின் என்று பெயரிட்டார். செடியும் இதே பொருளைத் தன் தேவைக்கென உண்டாக்குகிறது. இதன் ஏற்பியும் 2005-ல் நெற்பயிரிலேயே கண்டறியப்பட்டது. மூழ்கிய பயிர் இவ்வூக்கியின் ஏவலால் இலையையும் தண்டையும் நீட்டிக் காற்றை எட்டிப் பிடிக்க முயல்கிறது. வெள்ளம் இரண்டு மூன்று நாட்களில் வடிவதாயின் கேடில்லை. பத்து நாட்கள் நின்றாலோ, சேமித்த மாவும் சர்க்கரையும் முழுதும் செலவாகி, நீர் வடிந்ததும் பயிர் துவண்டு சாய்கிறது.

ஒரிசா நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எப்.ஆர். 13ஏ என்ற ரகம் இவ்வாறு செய்வதில்லை. விளைச்சல் குறைந்த அந்த நெல்லின் ஒன்பதாவது நிறக்கோலில் உள்ள சப்1ஏ என்னும் மரபணு 2006-ல் இனங்காணப்பட்டது. எத்திலீன் சேதி கிடைத்ததும் இம்மரபணு விழித்து, ஜிப்பெரெல்லினை அடக்கும் புரதங்களைப் பெருக்குகிறது. பயிர் நீளாமல் ஒடுங்கி, சர்க்கரையைக் காத்து, இரண்டு வாரம் வரையில் தவமிருப்பதுபோல் காத்திருக்கிறது. ஆழ்நீர் நெல்லிலோ அதே எத்திலீன் வேறு மரபணுக்களை எழுப்பி, வெள்ளத்தோடு போட்டியிட்டுத் தண்டை ஓங்கச் செய்கிறது. சேதி ஒன்றே, விடை மூன்று.

ஒட்டுக்கட்டி இம்மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா சப்1 ரகம் 2009-ல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. ஒரிசாவில் உழவர் வயல்களில் நடந்த ஆய்வில், பத்து நாள் மூழ்கிய பயிரில் அது பழைய ஸ்வர்ணாவைவிடச் சுமார் 45 சதவிகிதம் கூடுதல் மகசூல் தருமெனக் கணக்கிடப்பட்டது. நமது டெல்டாவுக்கு உகந்த நீண்ட வயது ரகமாகிய சி.ஆர். 1009-லும் சப்1 சேர்க்கப்பட்டுள்ளது.

சேத மதிப்பீடு செய்யும் கிராம உத்தியோகஸ்தர்கள் ஒன்றைக் கவனித்தல் நலம். வடிந்த அன்றே வயலைப் பார்த்து முடிவு கட்டுவது இருபுறமும் தவறாகலாம். சாதாரண ரகம் உயர்ந்து பசுமையாகத் தோன்றினாலும், திடீரென்று வெயிலும் பிராணவாயுவும் பட்டவுடன் சில நாட்களில் கருகக்கூடும். சப்1 ரகமோ குட்டையாய், இலை மடிந்து, செத்ததுபோல் கிடந்தும் குருத்து உயிரோடிருக்கலாம். தூரின் அடியைக் கிள்ளிப் பார்க்க: கெட்டியாயும் உள்ளே வெண்மையாயும் இருந்தால் உயிருண்டு, குழைந்து நாறினால் இல்லை. ஒரு வாரத்திற்குள் புதுக்குருத்துக் கிளம்பும். அதுவரை பயிரை அழித்து மறுநடவு செய்ய அவசரப்பட வேண்டாம். வெள்ளத்திற்கு முன் தழைச்சத்தை மிகுதியாக இட்ட பயிர் மென்மையாகி எளிதில் சாகுமாதலால், மழை மிரட்டும் நாட்களில் மேலுரத்தை நிறுத்தி, வடிந்து குருத்துக் கண்டபின் இடுவதே முறை.

சப்1-ன் வல்லமைக்கு எல்லையுண்டு. பூக்கும் பருவத்தில் மூழ்கினாலும், விதைத்தவுடனே நீர் தேங்கினாலும், வாரக்கணக்காக அரை ஆளுயர நீர் நின்றாலும் அது காவாது. கலங்கல் நீரில் வெளிச்சம் குறைவதால் பிழைக்கும் பயிரும் குறையும். கடல் நீர் ஏறும் கிழக்கோரக் கிராமங்களில் உப்பைத் தாங்கும் குணம் அதற்கில்லை. அந்நிலங்களுக்கு உவர் தாங்கும் ரகங்களையே நாட வேண்டும்.