வாங்கிய பொருளுக்கு எசமான் யார்?

மரம் சீவும் கத்தி ஒன்றைப் பட்டணத்துக் கடையில் வாங்கி வருகிறோம். காசைக் கொடுத்துவிட்டால் கத்தி நம்முடையது. பிடி கைக்கு ஒத்துவரவில்லையென்றால் செதுக்கிக்கொள்கிறோம். முனை மழுங்கினால் நாமே தீட்டிக்கொள்கிறோம். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒரு நாள் இரவலும் கொடுக்கிறோம். இதற்கெல்லாம் கத்தி செய்தவரிடம் அனுமதி கேட்டு யாரும் போனதில்லை.

இன்று நம் வீடுகளில் கைத்தொலைபேசி இருக்கிறது. பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், கூட்டுப் பணத்தை எடுத்தாவது ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். கத்தியைக் காட்டிலும் நூறு பங்கு விலை. ஆனால் இந்தப் பொருள்களுக்கு நாம் எசமானர்களா, காசு கொடுத்துவிட்டுக் குடியிருக்கும் வாடகைக்காரர்களா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் உலகத்தார் ஐம்பது ஆண்டுகளாக வாய்ச்சண்டை போட்டு வருகிறார்கள். படித்தவர்கள் சண்டை நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் பையிலிருந்து போகும் பணத்தைப் பற்றிய சண்டையாயிற்றே!

ஏடும் லேகியமும்

கம்ப்யூட்டர் என்னும் பெட்டிக்குத் தானாக எதுவும் தெரியாது. இன்ன பொத்தானை அழுத்தினால் இன்ன காரியம் செய் என்று வரிவரியாகக் கட்டளை எழுதி உள்ளே வைக்க வேண்டும். அந்தக் கட்டளைத் தொகுப்பைத்தான் மென்பொருள் என்கிறோம். மனிதன் எழுதும்போது, படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவில் இருக்கும். அதற்கு மூலநிரல் என்று பெயர். பெட்டிக்குள் போகும்போது வெறும் ஒன்றும் சுழியுமாக மாறிவிடும். நாட்டு வைத்தியர் லேகியம் கொடுப்பார், ஏட்டைக் காட்டமாட்டார் அல்லவா? அதுபோலப் பெரிய கம்பெனிகள் லேகியத்தை விற்கின்றன. ஏடு அவர்கள் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. லேகியம் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று நமக்கும் தெரியாது. நமக்கு வேண்டிய இன்னொரு வைத்தியருக்கும் தெரியாது.

தொடக்கத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை. கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் வாங்கித் திருத்திப் பயன்படுத்துவது வழக்கமாயிருந்தது. 1975-இல் அமெரிக்காவில் ஆல்டேர் 8800 என்ற சிறிய கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. வீட்டு மேசையிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு பேசிக் என்னும் கம்ப்யூட்டர் மொழியை எழுதிக் கொடுத்தவர்கள் பில் கேட்ஸ், பால் ஆலன் என்ற இரண்டு இளைஞர்கள். கம்ப்யூட்டர்ப் பித்துப் பிடித்தவர்கள் அதைத் துளையிட்ட காகித நாடாவில் படியெடுத்து, கல்யாண வீட்டில் வெற்றிலை கொடுப்பதுபோல் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

கேட்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. 1976 பிப்ரவரியில் அவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபது. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து விழுக்காட்டினர்கூட பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை என்றும், தாங்கள் உழைத்த நேரத்தைக் கணக்கிட்டால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் முறையிட்டார். இயந்திரத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள், அதை இயக்கும் அறிவுக்கு ஏன் கொடுப்பதில்லை என்பது அவர் வழக்கு.

அவர் பேச்சில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். விடியுமுன் எழுந்து மரம் சீவி, பாலைச் சேர்த்துக் கொண்டுபோய் நிறுத்த பிறகு, "பால் மரத்தில் சும்மா வருவதுதானே, கூலி எதற்கு?" என்று ஒருவன் கேட்டால் நாம் விடுவோமா? உழைப்புக்குக் கூலி வேண்டும். பின்னாளில் அவருடைய மைக்ரோசாஃப்ட் கம்பெனி உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் தன் பிடிக்குள் கொண்டுவந்ததும், 1998-இல் அமெரிக்க அரசாங்கமே அதன் ஏகபோகத்துக்கு எதிராக வழக்குப் போட்டதும் வேறு கதை.

காகிதம் சிக்கிய அச்சு இயந்திரம்

எதிர்க்கட்சிக்காரரின் பெயர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர். அங்கிருந்த பழைய அச்சு இயந்திரத்தில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். காத்திருப்பவர்களுக்கு உடனே செய்தி போகுமாறு அவர் ஒரு கட்டளை எழுதிச் சேர்த்தார். செய்தி கிடைத்ததும் யாராவது ஓடிப்போய்க் காகிதத்தை எடுத்துவிடுவார்கள், தொல்லை தீர்ந்தது. 1980-ஐ ஒட்டி ஸெராக்ஸ் கம்பெனியிடமிருந்து புதிய இயந்திரம் வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. முன்போலவே கட்டளை சேர்க்கலாம் என்று பார்த்தால் மூலநிரல் இல்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அது ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். "யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் மறுபேச்சில்லாமல் திரும்பினார்.

சிக்கிய காகிதம் சின்ன விஷயந்தான். ஆனால் சரிசெய்யத் தெரிந்தவன் கையைக் கட்டிவைத்து, "இயந்திரம் உன் அறையில் இருந்தாலும் அதன் புத்தி எங்களுடையது" என்று சொன்னதல்லவா அவரைக் கிளப்பிவிட்டது! 1983 செப்டம்பரில், யாரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் கூடிய மென்பொருள் தொகுதி ஒன்றை எழுதப்போவதாக அறிவித்தார். அதற்கு குனூ என்று பெயர் வைத்தார். 1989-இல் அதற்கேற்ற உரிமப் பத்திரம் ஒன்றும் எழுதி வெளியிட்டார். அதன் சாரம் இது: எடுத்துக்கொள், திருத்து, வேண்டுமானால் விற்கவும் செய், ஆனால் உன்னிடமிருந்து வாங்குபவருக்கும் மூலநிரலையும் இதே உரிமையையும் கொடுத்துவிடு.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். இதனால் போகிற இடமெல்லாம் "நான் இலவசத்தைப் பேசவில்லை, விடுதலையைப் பேசுகிறேன்" என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. தமிழருக்கு இந்தத் தொல்லை கிடையாது. நம்மவர்கள் 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

சம்பளமில்லாமல் யார் எழுதுவார்கள் என்று பலர் சிரித்தார்கள். நம் நாட்டிலும் இப்படிச் சிரித்த காலம் உண்டு. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, பாட்டாளிகள் தெருவுக்கு வந்த நேரத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்குவதாவது என்றார்கள். வாங்கிக் காட்டினார்களே! கம்ப்யூட்டரிலும் அதுவே நடந்தது. குனூவில் பெரும்பகுதி தயாராகி, நடுவிலிருந்து எல்லாவற்றையும் இயக்கும் கருப்பகுதி மட்டும் கைகூடாமல் நின்றது. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஒரு கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டே அதை ஸ்டால்மனின் உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அதுதான் லினக்ஸ். முன்பின் பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் ஆளுக்குச் சில வரி எழுதிச் சேர்த்தார்கள். நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசிக்கு அடியில் ஓடுவதும் அந்த லினக்ஸ்தான். (இதை லினக்ஸ் என்பதா, குனூ லினக்ஸ் என்பதா என்று இரு தரப்பாரும் அடித்துக்கொள்வதைப் பார்த்தால், திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று கோயில் கமிட்டியில் நடக்கும் சண்டை ஞாபகத்துக்கு வருகிறது.)

இராத்திரியோடு மறைந்த புத்தகம்

மூலநிரல் விவகாரம் மென்பொருள் எழுதுபவர்களோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். மென்பொருள் புகுந்த பொருள்களிலெல்லாம் இதே வழக்கு தொடர்ந்து வந்துவிட்டது.

2009 ஜூலையில் அமெரிக்காவில் நடந்தது இது. அமேசான் கம்பெனி கிண்டில் என்ற படிப்புக் கருவியை விற்கிறது. காகிதமில்லை, புத்தகங்கள் கம்பியில்லாமல் வந்து கருவிக்குள் இறங்கும். ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களைப் பலர் காசு கொடுத்து அப்படி வாங்கியிருந்தார்கள். ஒருநாள் பார்த்தால் புத்தகங்களைக் காணோம்! அவற்றை அமேசானில் விற்பனைக்கு வைத்தவருக்கு அங்கே விற்கும் உரிமையே இல்லையாம். அது தெரிந்ததும் கம்பெனி தொலைவிலிருந்தபடியே எல்லாருடைய கருவியிலிருந்தும் நூல்களை அழித்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒரு பள்ளி மாணவர் பாடத்துக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகள் எந்தப் பக்கத்துக்கு உரியவை என்று தெரியாமல் அநாதையாகிவிட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், '1984' நாவலில் ஆட்சியாளர்கள் தங்களுக்குப் பிடிக்காத பழைய தாள்களை ஒரு துவாரத்தில் போட்டு எரித்துவிடுவார்கள்.

கம்பெனித் தலைவர் ஜெஃப் பேசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மாணவர் போட்ட வழக்கும் சமரசத்தில் முடிந்தது. ஆனால் ஒரு விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. கடைக்காரர் நம் வீட்டுக்குள் வந்து அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மேசைமேல் காசை வைத்துவிட்டுப் போனால் போலீசில் புகார் செய்வோம். கருவியில் மட்டும் அது 'ஒப்பந்தப்படி' ஆகிவிடுகிறது! அந்த ஒப்பந்தம் எங்கே இருக்கிறது? முதல் நாள் பொடி எழுத்தில் வந்தபோது 'சம்மதம்' என்று நாம் தட்டினோமே, அங்கேதான். கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. பின்னால் பறிக்கக்கூடிய இத்தகைய பொருளை விற்பவர், தாம் கொடுப்பது வெறும் உபயோக அனுமதி என்று தெளிவாகத் தெரிவிக்காமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் போடக்கூடாதாம். அந்த ஒரு சொல்லுக்காகச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது.

டிராக்டருக்கும் பூட்டு

நம் தோட்டத்துப் பட்டறைகளில் கம்பியையும் ரப்பர்த் துண்டையும் வைத்து எந்த வண்டியையும் ஓட வைத்துவிடும் கைகாரர்கள் இருந்தார்கள். இன்றைய டிராக்டரிடம் அந்த வித்தை பலிக்காது. உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது. பாகத்தை மாற்றிவிட்டாலும், கம்பெனியின் மென்பொருள் 'சரி' என்று ஒத்துக்கொண்டால்தான் சில பழுதுகள் தீரும். அறுவடைக் காலத்தில் வண்டி படுத்துக்கொள்ள, கம்பெனி ஆள் மடிக்கணினியோடு வரும்வரை வயலோரத்தில் உட்கார்ந்திருந்த அமெரிக்க விவசாயிகள் கொதித்துப் போனார்கள்.

ஜான் டீர் என்ற பிரபல டிராக்டர்க் கம்பெனி 2015-இல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுதிய விளக்கத்தில், வண்டியை வாங்கியவருக்கு அதன் மென்பொருள் சொந்தமில்லை, வண்டியின் ஆயுள் உள்ளவரை அதை ஓட்டிக்கொள்ள அனுமதி உண்டு என்ற கருத்தைச் சொன்னது. இதை வாசித்தபோது எனக்கு லயத்து வீடு நினைவுக்கு வந்தது. மூன்று தலைமுறை குடியிருந்தோம். வாசலில் முருங்கை வைத்தோம், பின்னால் சமையல் கட்டை இழுத்துக் கட்டினோம். வேலை உள்ளவரை வீடு. தோட்டம் கைமாறிய அன்று, முருங்கை வைத்தவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. அதே 2015-இல் பழுதுபார்ப்பதற்காகப் பூட்டைத் திறக்கலாம் என்ற விலக்கு கிடைத்தது. 2023-இல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஜான் டீர்மீது வழக்குத் தொடுத்தது. கண்டவர்கள் கைவைத்தால் ஆபத்து, புகைக் கட்டுப்பாட்டையும் கெடுத்துவிடுவார்கள் என்று கம்பெனிகள் சொல்லும் காரணத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் பிரேக்கைப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக்கை நம்பி உயிரையே ஒப்படைக்கிறோம். கம்ப்யூட்டர்க் கட்டளை என்றதும் மட்டும் அவர் ஆகாதவராகிவிடுகிறாரா?

நம் நாட்டிலும் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தின் வழி, இத்தகைய பூட்டுகளை உடைப்பது சில விலக்குகளோடு தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆகவே, நண்பர் சொன்னார் என்று விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்வதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நேர்வழியே இருக்கும்போது அது எதற்கு?

பழைய பெட்டியை வீசாதீர்கள்

விண்டோஸ் 10 என்ற மென்பொருளுக்குத் தந்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. தனியே பதிந்துகொள்ளும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு ஓராண்டுத் தவணை கொடுத்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றில் ஏறாது. அதற்கென்று ஒரு பாதுகாப்புச் சில்லும் புதிய மூளைச் சில்லும் வேண்டும். என் மாணவன் ஒருவனின் தந்தை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியைக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். "இது செத்துவிட்டது ஐயா, புதுசு வாங்குங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குப் புதுக் கணினி என்றால் எத்தனை நாள் கூலி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லினக்ஸ் மின்ட் என்ற கட்டற்ற தொகுதியை அதில் ஏற்றினோம். கணினி இன்றும் ஓடுகிறது. கல்வி அமைச்சின் டெலிமா தளம் உலாவியிலேயே திறக்கிறது. கட்டுரை எழுத லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது, தமிழிலும் தட்டலாம். விண்டோஸுக்கென்றே செய்த சில விளையாட்டுகள் ஓடவில்லை என்று பையனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். தாய்க்கு இல்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 4 ஜிகாபைட் நினைவகம் இருந்தால் மின்ட் தாராளமாக ஓடும். ஒரு பென்டிரைவில் அதை ஏற்றி, உள்ளிருப்பதைத் தொடாமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வலையிணைப்பும் ஒலியும் அச்சு இயந்திரமும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே சோதித்துவிடுங்கள். பிறகு நிலையாக ஏற்றும்போது வட்டிலுள்ளவை அழிந்துபோகலாம். பிள்ளைகளின் பாடங்களையும், தாத்தா பாட்டி படங்களையும், கல்யாணப் படங்களையும் முன்கூட்டியே வேறிடத்தில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.